பிரிக்பீல்ட்சில் பெய்த பஞ்சுப்பனி

கிள்ளானிலிருந்து காலை ரயிலேறி பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து, நான்கு வயதுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஒரு கடைத்தொகுதியின் முதல் மாடியில் இருந்த தனியார் பாலர் பள்ளி அது. கீழே ஒரு கிளினிக், பக்கத்தில் பூக்கடை, எதிரே எந்நேரமும் லோரி நிற்கும் சந்து. என் வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களில் பதினோரு பேருக்கு வீட்டில் ஆங்கிலம். பெற்றோர்களுக்குத் தமிழ் வேண்டும், ஆனால் தாங்கள் பேசுவதாக இல்லை. அதற்குத்தான் என்னை வைத்திருந்தார்கள்.

எனக்கும் என்னைப் பற்றி உயர்ந்த எண்ணம் உண்டு. கோயில் விழா மலர்களில் என் மரபுக் கவிதைகள் வந்திருக்கின்றன. ஒரு கவிதைப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கினேன். நடுவர்களில் ஒருவர் என் அக்காளின் மாமனார் என்பதையும், போட்டியில் கலந்துகொண்டது நான்கு பேர் என்பதையும் நான் யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளைகள் வாக்கியக் கடைசியில் 'லா' போட்டுப் பேசினால் திருத்துவேன். 'பாசார்' என்றால் 'சந்தை' என்பேன். சந்தை என்றால் என்ன என்று அவர்கள் கேட்டால், 'பாசார்' என்பேன்.

பள்ளியை நடத்தியவரை எல்லோரும் மேடம் என்றுதான் அழைப்போம். நல்லவர். ஆனால் ஏதாவது ஒரு கருத்தரங்குக்குப் போய்வந்தால் ஒரு வாரத்துக்கு அவர் பக்கம் போக முடியாது. அந்த ஆண்டு ஆகஸ்டில் அப்படி ஒன்றுக்குப் போய்விட்டுக் கைநிறைய தாள்களோடு வந்தார்.

"டீச்சர், இனிமே நம்ம சீசன் மெத்தட். கிராஃப்ட், புக், சாங், மூணும் சேந்து வரும். அங்க எல்லாம் பிள்ளைங்க இப்படித்தான் லேங்குவேஜ் கத்துக்குதுங்க."

"அங்கன்னா எங்க மேடம்?"

"ஓவர்சீஸ் லா."

இரண்டு வாரத்தில் முதல் பெட்டி வந்து இறங்கியது. இலையுதிர் காலப் பெட்டி. உள்ளே ஆரஞ்சு நிறத்திலும் பழுப்பு நிறத்திலும் கம்பளித் துணி இலைகள், பசை, குளிர்காலத்துக்குக் கொட்டை சேர்க்கும் ஓர் அணிலைப் பற்றிய படப்புத்தகம், பாட்டு போடும் சின்ன ஸ்பீக்கர். எல்லாம் ஆங்கிலம். தமிழாக்குவது என் பொறுப்பு.

அந்த மாதம் முழுக்க வெளியே புகைமூட்டம். எங்கோ காடு எரிந்த புகை வந்து எங்கள் தலைமேல் உட்கார்ந்திருந்தது. பிள்ளைகளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவு. ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு, உள்ளே நாங்கள் ஓர் இல்லாத மரத்தின் இலைகளை வெட்டி ஒட்டினோம். ஒரு பிள்ளை கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு, எதிர்க்கடை ஏன் தெரியவில்லை என்று கேட்டது.

"அது பாடத்துல இல்லம்மா. இலையப் பாரு," என்றேன்.

அப்படிச் சொன்னவள் நானேதான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

அந்தக் கேள்வியைக் கேட்டது ஒரு பெண் குழந்தை. வீட்டில் தமிழே பேசும் அந்தப் பன்னிரண்டாவது பிள்ளை அவள்தான். செந்தூலில் அடுக்குமாடி வீடு. அப்பா போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். அம்மா கீழே கிளினிக்கில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பார், அதனால்தான் பிள்ளையை எங்கள் பள்ளியில் சேர்த்திருந்தார்கள். அவள் பேச்சு வாசலில் தொடங்கினால் பசியாறும் நேரம் வரைக்கும் நிற்காது. ஆச்சரியம் வந்தால் 'அலாமாக்' என்பாள், 'என்னா டீச்சர், இன்னிக்கும் எலயா' என்பாள். ஒருநாள் காலை, நடைபாதையில் கிடந்த ஒரு மஞ்சள் இலையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"டீச்சர், எல விழுந்துருச்சு. நெஜ எல."

நான் அதைப் பார்த்தேன். பெட்டியில் வந்த இலைக்கு ஐந்து முனை. இதற்கு ஒன்றுதான். "இது இலையுதிர் கால இலை இல்லம்மா," என்று சொல்லிக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

அணில் கதையைத் தமிழாக்கியதில் வேறொரு சங்கடம் வந்தது. ஓக் மரத்தின் காய்க்குச் சரியான சொல் தெரியாமல், நானே பொதுவாகக் 'கொட்டை' என்று வைத்து ஒரு பாட்டும் கட்டினேன். 'அணிலின் கொட்டை அழகுக் கொட்டை' என்று தொடங்கும். பிள்ளைகள் அதை வீட்டில் பாடிக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளையைக் கூப்பிட வந்த ஓர் அப்பா மூன்று நாள் என் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. நான்காம் நாள் பாட்டை நிறுத்தினேன்.

நவம்பரில் குளிர்காலப் பெட்டி வந்தது. இந்த முறை நான் முழுத் திறமையையும் இறக்கினேன்.

'வெண்பனி வெண்பனி வீழுதம்மா
வீதியெல்லாம் வெண்மை சூழுதம்மா
கம்பளிக் கையுறை மாட்டிடுவோம்
கணப்பின் அருகில் கூடிடுவோம்'

மேடம் யாரையோ பிடித்து அதற்கு இசைபோட்டு ஸ்பீக்கரில் ஏற்றிவிட்டார். ஒரே வாரத்தில் பன்னிரண்டு பேரும் மனப்பாடம். வெளியே வெயில் கொளுத்த, உள்ளே அவர்கள் கணப்பின் அருகில் கூடினார்கள். 'கதவு' என்ற சொல் தெரியாத பிள்ளைக்குக் 'கையுறை' தெரிந்தது. அதை என் வாழ்நாள் வெற்றியாக நினைத்தேன்.

அதிலும் ஒரு பையன் அப்படிப் பாடுவான். அப்பாவும் அம்மாவும் வழக்கறிஞர்கள், வீட்டில் ஒரு சொல் தமிழ் கிடையாது. பாட்டில் ழகரம் வரும் இடத்தில் நாக்கை அப்படியே மடக்குவான். அவனை நான் மேடமிடம் கூட்டிக்கொண்டு போய்ப் பாடிக் காட்ட வைத்தேன். அவனைக் கூப்பிட வந்திருந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். பாட்டு முடிந்ததும் அவன் என்னிடம் கழிவறைக்குப் போகவேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னான். அதை யாரும் படம் எடுக்கவில்லை.

பெட்டியோடு மொழித்திறன் மதிப்பீட்டுப் படிவமும் வந்திருந்தது. பிள்ளைகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து அட்டைகளைக் காட்டிக் கேட்கவேண்டும். மூன்றாவது அட்டையில் பனி மூடிய ஒரு மரம், பனி மூடிய ஒரு வீடு. கேள்வி: 'இது எந்தக் காலம்?'

வழக்கறிஞர்களின் மகன் 'குளிர்காலம்' என்றான். முழு மதிப்பெண்.

அந்தப் பெண் குழந்தை அட்டையை வாங்கி, தடவிப் பார்த்து, ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்பா லோரி."

"நல்லாப் பாரும்மா. எந்தக் காலம்?"

"அப்பா லோரி டீச்சர். உள்ள."

நான் எழுதினேன்: 'தொடர்பற்ற பதில். மொழித்திறன் குறைவு. வீட்டில் பயிற்சி தேவை.' கீழே அழகாகக் கையெழுத்தும் போட்டேன்.

படிவங்கள் வீட்டுக்குப் போன மூன்றாம் நாள், பள்ளி விடும் நேரத்தில் அவளுடைய அப்பா வந்தார். ஒளிரும் பட்டை வைத்த வேலைச் சட்டை. வாசலிலேயே காலணிகளைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தார். கையில் அந்தப் படிவம் நான்காக மடித்திருந்தது.

"டீச்சர் பிஸியா? அஞ்சு நிமிஷந்தான்."

உட்காரச் சொன்னேன். இருந்தவை எல்லாம் பிள்ளைகளின் நாற்காலிகள். சிவப்பு நிறத்தில் ஒன்றைப் பார்த்து உட்கார்ந்தார். முழங்கால் முகவாய்க்கு வந்தது.

"இதுல வீட்ல பயிற்சி வேணும்னு போட்டிருக்கீங்க," என்றார். "வீட்ல இவளுக்குப் பயிற்சி குடுத்தா நானும் என் வொய்ஃபும் வீட்ட விட்டுத்தான் போவணும். தூங்கும்போதுகூட பேசுறா டீச்சர்."

"பேசுறது வேற, மொழித்திறன் வேறங்க."

இந்த வாக்கியத்தை நான் முகத்தைத் திருப்பாமல், மிகுந்த பொறுப்போடு சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

"என்னா கேட்டீங்க, இவ என்னா சொன்னா? திட்டுறதுக்குக் கேக்கல டீச்சர். சும்மாதான்."

அட்டையை எடுத்துக் காட்டினேன். எந்தக் காலம் என்று கேட்டதற்கு அப்பா லோரி என்று சொன்னாள், இரண்டு முறை கேட்டும் அதையே சொன்னாள் என்று விளக்கினேன். ஒரு நோயைப் பற்றிப் பேசும் குரல் எனக்கு வந்துவிட்டிருந்தது.

அவர் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"டீச்சர், நான் ஓட்டுறது ஐஸ் கன்டெய்னர். கப்பல்லருந்து எறங்குற எறச்சி, மீனு எல்லாம் ஏத்திட்டுப் போவேன். உள்ள மைனஸ் பதினெட்டு. கதவத் தெறந்தா செவுரெல்லாம் இந்தா இப்படித்தான் இருக்கும், வெள்ள வெள்ளயா பூத்துப்போயி. போன லீவுல டிப்போவுக்குக் கூட்டிட்டுப் போயித் தூக்கிக் காட்டுனேன். கைய வச்சா. வெரல் ஒட்டிக்கிச்சு. எடுக்க மாட்டேன்னுட்டா. ஒரு வாரம் அதையேதான் பேசிக்கிட்டிருந்தா."

அட்டையை அவரிடமிருந்து வாங்கி மறுபடி பார்த்தேன்.

"டீச்சர் ஸ்னோ பாத்திருக்கீங்களா?"

"கெந்திங் மலைல ஒரு தடவ..."

"அது மேகம் டீச்சர்," என்றார், மிக மரியாதையாக.

பள்ளியிலேயே பனியைக் கையால் தொட்ட ஒரே ஆள் அவள்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேடம் தொட்டதில்லை. நான் தொட்டதில்லை. பாட்டுக்கு இசைபோட்டவர் தொட்டிருப்பாரா என்று தெரியாது.

"அப்ப சரியான பதிலு என்னா டீச்சர்?"

"குளிர்காலம்."

"குளிர்காலம்." அவர் அந்தச் சொல்லை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். "அது நம்ம ஊர்ல எப்ப வரும்?"

"நம்ம ஊர்ல வராதுங்க."

"ஓ."

எழுந்தபோது நாற்காலி பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வர, அதைப் பிடித்துக் கழற்றி வைத்தார். "மாத்தச் சொல்லல டீச்சர். தெரிஞ்சிக்கத்தான் வந்தேன். வரேன்."

சண்டை போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் இரண்டு வார்த்தை பேசி, கோபத்தோடு ரயிலேறி, கிள்ளான் போய்ச் சேர்வதற்குள் என் பக்கம் நியாயம் இருப்பதாக முடிவுக்கு வந்திருப்பேன். அவர் அந்த வாய்ப்பைத் தரவில்லை.

மறுநாள் மேடமிடம் போனேன். படிவத்தில் ஒரு தவறு, திருத்தவேண்டும் என்றேன்.

"அய்யோ டீச்சர், எல்லாம் சிஸ்டம்ல ஏத்தியாச்சு. ஒருத்தருக்கு மாத்துனா அப்புறம் எல்லா பேரண்ட்சும் வருவாங்க லா."

"அவ சொன்னது சரியான பதில் மேடம்."

"ஆன்சர் ஷீட்ல லோரி இருக்கா?"

இல்லை என்றேன். மேடம் இரண்டு கைகளையும் விரித்தார். நான் வெளியே வந்தேன். சொல்லிப் பார்த்துவிட்டோம் என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. வெட்கம் மெதுவாகத்தான் வந்தது, அதுவும் ரயிலில் உட்கார இடம் கிடைத்த பிறகு.

நவம்பர் கடைசிச் சனிக்கிழமை பெற்றோருக்கான குளிர்கால விழா. மேடம் மருந்துக்கடையில் இருந்த பஞ்சு முழுவதையும் வாங்கிவந்து விட்டத்திலிருந்து நூலில் தொங்கவிட்டார். விழா உண்மையாக இருக்கவேண்டும் என்று ஏர்கோனைக் கடைசி எண்ணுக்கு இறக்கினார். பிள்ளைகளுக்குக் கம்பளித் தொப்பி, கழுத்துத் துண்டு, காலுறை. வழக்கறிஞர்களின் மகன் பனிமனிதன். அந்தப் பெண் குழந்தை நான்காம் பனித்துளி. நான்காம் பனித்துளிக்கு வசனம் கிடையாது. அதை ஒதுக்கியவளும் நான்தான். விழா கெட்டுவிடக் கூடாதல்லவா.

மேடம் வரவேற்புரையை முடிக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. மாலை நேரத்து நவம்பர் மழை, கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியாமல் கொட்டியது. பெற்றோர்கள் சின்ன நாற்காலிகளில் நெருக்கி உட்கார்ந்து கைத்தொலைபேசிகளைத் தூக்கினார்கள். ஸ்பீக்கர் பாட்டைத் தொடங்கியது. 'வெண்பனி வெண்பனி' என்று இரண்டு சொல் பாடியிருப்பார்கள். எங்கோ பக்கத்தில் பெரிய இடி ஒன்று இறங்கியது. விளக்கு, ஏர்கோன், ஸ்பீக்கர், எல்லாம் ஒரே நேரத்தில் செத்தன.

பன்னிரண்டு பிள்ளைகளும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். பாட்டு அவர்களிடம் இல்லை. ஸ்பீக்கரில்தான் இருந்தது. அது நின்றதும் என்னுடைய முழு ஆண்டுத் தமிழும் நின்றுவிட்டது. பனிமனிதன் என்னைப் பார்த்து, "டீச்சர், நோ சாங்," என்றான்.

இருட்டில் நான்காம் பனித்துளியின் குரல் வந்தது. "கரண்டு போச்சு லா!"

பெற்றோர்களில் யாரோ சிரித்தார்கள்.

"வொய்?" என்றான் பனிமனிதன்.

"இடி இடிச்சா போயிரும். எங்க பிளாட்லயும் இப்படித்தான். லிப்டு நின்னுரும்."

"தென்?"

"அப்புறம் என்னா, நடக்கணும். பதினோரு மாடி. அப்பா என்னயத் தூக்குவாரு. எட்டு மாடி வரைக்குந்தான். அப்புறம் 'எறங்கு, நீ கனம்'னு சொல்லுவாரு."

பின்வரிசையில் அந்த அப்பா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பெற்றோர்கள் கைத்தொலைபேசி விளக்குகளைப் போட்டார்கள். பிள்ளைகள் வரிசையைக் கலைத்துக்கொண்டு அவளைச் சுற்றி நின்றார்கள். இருட்டில் பேய் வருமா என்று ஒன்று கேட்டது. வராது, கொசுதான் வரும் என்றாள்.

"பிரிட்ஜும் செத்துரும்," என்று அடுத்த செய்தியைச் சொன்னாள். "ஐஸ்கிரீம் தண்ணியாப் போயிரும். வீணாப் போவக் கூடாதுன்னு எல்லாத்தையும் சாப்ட்ருவோம். அம்மா ஏசவே மாட்டாங்க."

பனிமனிதன் தொப்பியைக் கழற்றினான். முகமெல்லாம் வேர்வை. பஞ்சு தாடையில் ஒட்டியிருந்தது. அவன் எதையோ தேடுவதுபோல வாயை இரண்டு முறை திறந்து மூடினான். பிறகு சொன்னான்:

"எங்க வீட்லயும் கரண்டு போவணும்."

யாரும் எழுதிக்கொடுக்காத, எந்த ஸ்பீக்கரும் சொல்லித்தராத, அவனே கட்டிய முதல் தமிழ் வாக்கியம் அது. அவனுடைய அம்மா கைத்தொலைபேசியைத் தாழ்த்திவிட்டு அவனையே பார்த்தார். அவர்கள் வீடு இருக்கும் கொண்டோ அடுக்குமாடியில் ஜெனரேட்டர் உண்டு. கரண்டு போகவே போகாது. அந்த ஏக்கம் அவன் குரலில் அப்படியே இருந்தது.

மேடம் எனக்குக் கண்ணால் சைகை காட்டினார். விழா கைமீறிப் போகிறது, ஏதாவது செய். நான் கையைத் தட்டி, என் சொந்தக் குரலில், "வெண்பனி வெண்பனி வீழுதம்மா" என்று எடுத்துக் கொடுத்தேன். ஒருவரும் கூடப் பாடவில்லை. ஒரு பிள்ளை என் சேலையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், வேணாம்," என்றது.

பத்து நிமிடத்தில் மின்சாரம் வந்தது. பிள்ளைகளை மறுபடி வரிசையில் நிறுத்தி, தொப்பி மாட்டி, பாட்டைப் போட்டோம். ஓர் எழுத்து பிசகாமல் பாடினார்கள். எல்லோரும் கைதட்டினார்கள், கடமை தவறாமல்.

அடுத்த வாரம் மேடம் ஒரு வீடியோவை வெளியிட்டார். இருட்டில் அந்தக் குழந்தை பேசுவதும் பனிமனிதன் கரண்டு போகவேண்டும் என்று சொல்வதும்தான் காட்சி. கீழே ஆங்கிலத்தில், 'எங்கள் பருவகாலப் பாடத்திட்டத்தின் பலன்: பிள்ளைகள் தாய்மொழியில் இயல்பாக உரையாடுகிறார்கள்.' பெட்டி அனுப்பும் நிறுவனத்திலிருந்து பாராட்டுச் சான்றிதழ் வந்தது. அதில் என் பெயரும் இருந்தது. நான் புகைப்படத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குழந்தையின் படிவம் மட்டும் சிஸ்டத்தில் 'குறைவு' என்றே கிடந்தது.

சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிய நாளில்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, என் அழகிய செந்தமிழில், கைப்பட ஒரு மதிப்பீடு எழுதினேன். கீழே கிளினிக்குக்குப் போய் அவளுடைய அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"டீச்சர், நான் மலாய் ஸ்கூல். தமிழ் படிக்க வராது. அவருதான் படிப்பாரு. நீங்களே படிச்சிருங்களேன்."

வரிசையில் ஆறேழு நோயாளிகள். ஒருவருக்கு விடாத இருமல். நான் வரவேற்பு மேசைக்கு முன்னால் நின்று வாசித்தேன்: "தங்கள் அன்பு மகள் அளித்த விடை முற்றிலும் சரியானதே. அதனை விளங்கிக்கொள்ளும் அறிவு எனக்கு இல்லாமற் போயிற்று."

இருமிக்கொண்டிருந்த முதியவர் இருமலை நிறுத்திவிட்டு, "என்னா டீச்சர், மன்னிப்பா கேக்குறீங்க?" என்றார்.

"ஆமாங்க அங்கிள்."

"அத நேரடியாக் கேக்கலாமே."

கேட்டேன். பேச்சுத்தமிழில், இரண்டே சொல்லில். அவளுடைய அம்மா தாளை வாங்கி மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, "பரவால்ல டீச்சர். ஜனவரில நாங்க போர்ட் கிள்ளான் பக்கம் வீடு மாறுறோம். அவருக்கு டிப்போ கிட்ட. இவளும் அங்கேயே ஸ்கூல் போயிருவா," என்றார். பிறகு அடுத்த நோயாளியின் எண்ணைக் கூப்பிட்டார்.

ஜனவரியில் அவள் இல்லாமல் வகுப்பு அமைதியாக இருந்தது. அமைதி என்று மேடம் அதைப் பாராட்டினார். எனக்கு அது பதினோரு மீன்தொட்டிகளுக்கு நடுவே நிற்பதுபோல இருந்தது. வசந்தகாலப் பெட்டியில் துணிப்பூக்கள் வந்திறங்கியபோது, பாட்டெழுத எனக்குக் கை ஓடவில்லை என்று மேடமிடம் சொன்னேன். நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. காலையில் பெட்டி. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிள்ளைகளுக்குத் தூக்கம் சொக்கும் ஒரு மணி நேரம் மட்டும் நான் என் விருப்பப்படி எதையும் செய்துகொள்ளலாம்.

முதலில் செய்தது மழைக்காலம். அட்டைப்பெட்டிகளில் வீடு கட்டி, தட்டில் தண்ணீர் ஊற்றி, வெள்ளம் வந்தால் எதை முதலில் மாடிக்குத் தூக்குவது என்று கேட்டேன். ஒரு பிள்ளை டிவி என்றது, ஒன்று பூனை என்றது, ஒன்று தம்பியை வேண்டுமானால் விட்டுவிடலாம் என்றது. அந்தச் சண்டை தீர நாற்பது நிமிடம் ஆனது. டுரியான் காலத்தில் நெளியட்டையில் முள் வெட்டி ஒட்டி, வகுப்பிலேயே கடை போட்டோம். பழம் முற்றவில்லை என்றால் 'மூடா' என்று சொல்லவேண்டும், குலுக்கிப் பார்த்து எப்படி வாங்கவேண்டும் என்று எல்லாம் பேசினோம். பாட்டும் உண்டு. நான் எழுதவில்லை. கடைக்காரர் கூவுவதைப் பிள்ளைகளே கூவிக் கூவி அது ஒரு பாட்டாகிப்போனது. மூன்றாம் பரிசுக்குக்கூடத் தேறாது.

ஜூலையில் ஒருநாள் வழக்கறிஞர் அம்மா என்னைத் தேடி வந்தார். முகம் சரியாக இல்லை.

"டீச்சர், நேத்து என் ஹஸ்பண்டோட பாஸ் வீட்டுக்கு வந்தாரு. டுரியான் வாங்கிட்டு வந்திருந்தாரு. இவன் அத எடுத்துக் குலுக்கிப் பாத்துட்டு அவர்கிட்ட என்ன சொன்னான் தெரியுமா? 'அங்கிள், இது மூடா லா. ஒங்கள ஏமாத்திட்டான்.' பாஸ் தமிழர். எங்களுக்கு எங்க போய் முகத்த வச்சிக்கிறதுன்னு தெரியல."

"பழம் எப்படி இருந்துச்சு?"

"அது... முத்தாமத்தான் இருந்துச்சு. அது இல்ல விஷயம் டீச்சர். இந்த மாதிரி பாசார் தமிழ் இவன் எங்க கத்துக்கிட்டான்?"

"இங்கதாங்க. நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அவர் என்னை ஒரு சாட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "போன வருஷம் எவ்ளோ அழகா ஸ்னோ பாட்டு பாடுனான். அந்த மாதிரி நல்ல தமிழ் சொல்லிக் குடுக்கலாமே."

"அந்தப் பாட்டுக்கு அர்த்தம் அவனுக்குத் தெரியாதுங்க."

"எங்களுக்கும்தான் தெரியாது. பாட்டுதானே டீச்சர், அர்த்தம் எதுக்கு?"

அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். அந்தப் பாட்டை எழுதும்போது நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவர் மேடமிடமும் போனார். மேடம் இரண்டு பக்கத்துக்கும் நல்லவர். பெற்றோர் பார்க்கும் நிகழ்ச்சிகளில் காலைப் பாடம் மட்டும் காட்டப்படும் என்று முடிவானது. என் மதிய வகுப்புக்கு அட்டவணையில் 'ஓய்வு நேரம்' என்று பெயர் மாற்றினார்கள். இப்போதும் அதே பெயர்தான். ஒன்றரை மணிக்கு விளக்கை மங்க வைத்து, பாய்களை விரித்துவிடுவேன். நான்கைந்து பேர் உண்மையாகவே தூங்கிவிடுவார்கள். மற்றவர்கள் படுத்தபடியே பேசிக்கொண்டிருப்பார்கள். யார் வீட்டில் எலி வந்தது, யார் அப்பாவுக்கு சம்மன் வந்தது, எந்த மாமா பல் செட்டைத் தொலைத்தார் என்று. பாதி தமிழ், பாதி ஆங்கிலம், நடுநடுவே மலாய். நான் திருத்துவதில்லை. மேடம் கதவைத் தட்டினால் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். அதையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.